கடலைக் காட்டிய கதாசிரியர்

சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யன் 1987ஆம் ஆண்டு மறைந்தார். நம் இலக்கிய வரலாற்று நூல்களில் அவரைத் தேடுவோர், கல்கியின் பெயரைத் தொடர்ந்து வரும் ஒரு நீண்ட பட்டியலின் நடுவே அவரைக் காண்பர். சிருங்கார வருணனை மிகுந்தவர் என்னும் குறிப்பும் பெரும்பாலும் உடன் வரும். அக்குறிப்பு பொய்யன்று. ஆயினும் அது மட்டுமே உண்மை எனக் கொண்டால், வாரந்தோறும் அவருக்காகக் காத்திருந்த ஒரு முழுத் தலைமுறையை நாம் மிகத் தாழ்வாக மதித்தவர்களாவோம். அத்தலைமுறையினர் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டனர். அவரிடம் நீங்கள் எதைக் கண்டீர்கள் என்று, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

திருவண்ணாமலையில் அக்கேள்வியை நாம் சிலரிடம் கேட்டோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடைவீதியில் வணிகம் செய்வோர், பேரன் பேத்திகளோடு இருக்கும் தாய்மார்கள் எனப் பலதரப்பட்டவர்கள். பலரும் முதலில் சற்றே நாணத்துடன் சிரித்தனர். பிறகு வந்த விடைகளில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தது: கடலை நாங்கள் அவரிடம்தான் பார்த்தோம் என்பதே அது. நம் ஊருக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. மலையும், மழை பொய்த்தால் வெடித்துக் கிடக்கும் ஏரியும், மணிலாக் கொல்லையும் அறிந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாய்மரம் எது, சுக்கான் எது என்று சொல்லிக்கொடுப்பார் யார்? ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இளமையில் முதன்முதலாகச் சென்னைக் கடற்கரையில் நின்றபோது அலையைப் பார்க்கவில்லையாம். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்றுதான் பார்த்தாராம். 'கடல் புறா' படித்த பழக்கம் என்றார்.

அந்நாள்களில் புத்தகமாக வாங்கிப் படித்தவர்கள் குறைவு. குமுதத்தில் வாரந்தோறும் வரும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து அட்டை கட்டி வைப்பார்கள். ஒரு தெருவுக்கு ஒரு பிரதி போதும். பக்கத்தின் மறுபுறத்தில் பாதி வெட்டுண்ட நகைச்சுவைத் துணுக்கும் தைல விளம்பரமும் இருக்கும். ஓவியர் லதா வரைந்த படங்களைச் சில வீடுகளில் கத்தரித்து அகற்றிவிட்டு, எஞ்சிய பக்கங்களைப் பிள்ளைகளிடம் தருவதும் உண்டு. அப்படி ஒரு சன்னலிட்ட 'யவன ராணி'யை நாமே கண்டிருக்கிறோம். படத்தோடு அதன் பின்பக்கத்துக் கதையும் போய்விட்டதால், அந்தப் பகுதியில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள அடுத்த தெருப் பிரதியைத் தேடிப் போனார்களாம். தடை செய்தவர்கள் எண்ணியதற்கு நேர்மாறாகவே அது முடிந்தது.

இத்தனைக்கும் சாண்டில்யன் நமக்கு அந்நியர் அல்லர். பாஷ்யம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1910இல் பிறந்தது, நம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில், பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோயிலூரில். குடும்பத்தின் சொந்த ஊர் மயிலாடுதுறையை ஒட்டிய திருவிந்தளூர். உயர்கல்விக்குச் சென்றது திருச்சியில், இயேசு சபையார் நடத்தும் தூய வளனார் கல்லூரி. நாட்டு விடுதலை இயக்கத்தின்பால் அவர் உள்ளம் திரும்பியது மாணவப் பருவத்தில்தான். பின்னர் சுதேசமித்திரன் நாளேட்டில் நிருபராகப் பணியாற்றினார். திரைப்படத் துறையில் சித்தூர் வி. நாகையாவோடும் இணைந்து உழைத்தார். நிருபர் வேலை அவருடைய நடையில் ஒரு முத்திரையைப் பதித்தது என்பது நம் எண்ணம். எங்கே, எப்போது, எத்தனை பேர், எவ்வழியாக என்பவற்றைச் சொல்லாமல் அவர் எந்தச் சண்டையையும் தொடங்குவதில்லை.

'கடல் புறா'வையே எடுத்துக்கொள்வோம். கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் கதை தொடங்குகிறது. கருணாகரத் தொண்டைமான் சமாதானத் தூது வந்தவன். வந்த இடத்திலேயே வேட்டையாடப்படுகிறான். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியையும் அவள் தந்தையையும் காக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. தப்பிக் கடலில் இறங்கியவன், சீனக் கடற்கொள்ளைத் தலைவன் அகூதாவிடம் தொழில் பயில்கிறான். பிறகு தானே ஒரு கப்பலை அமைத்துக்கொண்டு ஸ்ரீவிஜயத்தை எதிர்க்கிறான். மூன்று பாகங்கள். இவ்வளவு நீண்ட கதையில் நாயகன் தன் தோள் வலிமையால் வென்ற இடங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அவை மிகச் சில. அவன் வெல்வது காற்று மாறும் நேரத்தை அறிந்ததால். எதிரியின் கலம் எவ்வளவு ஆழத்தில் மிதக்கும் என்று கணக்கிட்டதால். பகைவன் தன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததால். அறிவே சாகசம் என்னும் இந்தக் கொள்கைதான் சாண்டில்யனின் பலம். வாள் சுழலும் பக்கங்களை விட, ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் பேசும் பக்கங்களில்தான் அவருடைய எழுத்து விறுவிறுப்படைகிறது.

அவர் படித்தும் எழுதினார். கருணாகரத் தொண்டைமான், குலோத்துங்கனின் கலிங்கப் போரை நடத்திய தலைவனாகப் பரணியில் பாடப்பட்டவன். அவனுடைய இளமை பற்றிச் சரித்திரம் அதிகம் பேசவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கதை நுழைகிறது. ஸ்ரீவிஜயம் என்றொரு கடற்பேரரசு இருந்தது என்பதையே பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேதெஸ் 1918இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் வரலாற்றுலகம் தெளிவாக உணர்ந்தது. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் கூடக் கழிவதற்குள், தமிழ்நாட்டின் முடிதிருத்தும் நிலையத்தில் காத்திருந்தவர் ஸ்ரீவிஜயத்தைப் பற்றி வாதாடினார். இந்த வேலையைப் பாடநூல்கள் செய்யவில்லை. நீலகண்ட சாஸ்திரியாரின் பெயரை முதன்முதலாகச் சாண்டில்யனின் முன்னுரையிலும் அடிக்குறிப்பிலும் கண்டதாகச் சொன்னவர் நம்மிடம் ஒருவரல்லர்.

கல்கியோடு ஒப்பிடாமல் இப்பேச்சு முடியாது. கல்கியிடமும் கடல் உண்டு. கோடிக்கரையில் பூங்குழலியின் படகையும், நடுக்கடலில் எழும் சுழிக்காற்றையும் மறந்தவர் யார்? ஆனால் கல்கியின் கடல் கடந்து போவதற்கு உரியது. அக்கரையில் கதை காத்திருக்கும். சாண்டில்யனின் கடலில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள். பாய் தைக்கிறார்கள், நங்கூரம் இழுக்கிறார்கள், நன்னீர் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். மறுபுறம், கல்கியின் நகைச்சுவை சாண்டில்யனுக்குக் கைவரவேயில்லை. ஆழ்வார்க்கடியான் போன்ற ஒருவனை, கதையைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடக்கும் ஒருவனை, அவரால் படைக்க முடியவில்லை. கல்கியின் வந்தியத்தேவன் தவறு செய்வான், அகப்படுவான், அசடு வழிவான். ஆகவே நமக்கு நெருங்கியவன். சாண்டில்யனின் நாயகனோ எல்லாவற்றையும் முன்னதாகவே அறிந்தவன். ஐந்து நாவல்களைத் தொடர்ந்து படித்தால் அவனுடைய அறிவு நமக்கே சலிப்பைத் தரும்.

மற்றவர்களைப் பற்றியும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. அகிலனின் 'வேங்கையின் மைந்த'னை உயர்த்திப் பேசியவர்கள் உண்டு. 1963இல் சாகித்திய அகாதெமியின் பரிசு பெற்ற நூல் அது. கோவி. மணிசேகரன் 'குற்றாலக் குறிஞ்சி'க்காக 1992இல் அதே பரிசைப் பெற்றார். சாண்டில்யனுக்கு அது கிடைக்கவில்லை. விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', 'பொன்னியின் செல்வன்' முடிந்ததே என்று ஏங்கியவர்களின் ஏக்கத்தைத் தணித்தது. அதற்கு மேல் அதனிடம் நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் வாசகர்கள் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டும். அவர் ஜெகசிற்பியன் (1925-1978). மயிலாடுதுறையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பாலையன் என்னும் பெயரோடு பிறந்தவர். ஆனந்த விகடன் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்ற அவருடைய சரித்திர நாவலின் பெயர் 'திருச்சிற்றம்பலம்'. 'நந்திவர்மன் காதலி', 'நாயகி நற்சோணை' ஆகியவையும் அவருடையவை. சிலுவையடையாளம் போடும் வீட்டில் பிறந்த ஒருவர், சைவ மரபின் உயிர்ப்பெயரைத் தம் நூலுக்கு இட்டு அதற்குரிய மதிப்போடு எழுதினார் என்பது, அண்ணாமலையின் நிழலில் அண்டை வீட்டாரோடு தீபத் திருநாளையும் கிறிஸ்து பிறப்பையும் பகிர்ந்து வாழும் நமக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. விறுவிறுப்பில் அவர் சாண்டில்யனுக்குக் குறைந்தவர்தாம். பெண்ணின் மனத்தை எழுதுவதில் பல படிகள் மேலானவர். எந்தத் தெருவிலும் அவரைத் தைத்து அட்டை கட்டி வைத்தார்கள் என்று நாம் கேள்விப்படவில்லை. அது வாசகர்களாகிய நம் குறை.

கல்கி பிறந்த புத்தமங்கலமும் மயிலாடுதுறைப் பகுதியில்தான் இருக்கிறது. சாண்டில்யனின் சொந்த ஊரும் அங்கே, ஜெகசிற்பியனும் அங்கே. அதே மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர்தாம் நம் வேதநாயகம் பிள்ளை. காவிரிக் கரையின் அந்தச் சிறு வட்டாரத்துக்குக் கதையின் மேல் என்ன பிடிப்போ!

நம் மாவட்டமும் இவ்வகையில் வறியதன்று. சாண்டில்யனுக்கு ஒரு தலைமுறை முன்பே, ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார், ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கிலக் கதாசிரியரின் நாவல்களைத் தமிழ் மண்ணுக்கேற்ப மாற்றிப் பலவாக எழுதிக் குவித்தார். ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். இவற்றைப் படித்துக் கெட்டுப்போகாதீர் என்று பெரியவர்கள் எச்சரித்ததும், விளக்கணைந்த பின் பிள்ளைகள் படித்ததும் அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டன.

அந்த எச்சரிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மூன்று மஸ்கட்டியர்களின் கதையை எழுதிய அலெக்சாந்தர் டூமாவின் காதல் கதைகளைத் திருச்சபை 1863இல் தன் தடைநூற் பட்டியலில் சேர்த்தது. 1966இல் அப்பட்டியலே வழக்கொழிந்தது. டூமா இன்றும் படிக்கப்படுகிறார். ஆனால் அதனால் அன்று கவலைப்பட்டவர்கள் எல்லாரும் அறிவிலிகள் என்று நாம் முடிவு கட்டவில்லை. கதை மனத்தை உருவாக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை சரியானது. எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பதில்தான் அவர்களுக்குக் கண் தவறியது.

நம் கருத்தில், சாண்டில்யனிடம் கவலைக்குரியது வருணனை அன்று, அந்த வருணனை வரும் இடம். 'யவன ராணி'யின் நாயகி, கடல் கடந்து வந்து பூம்புகாரில் ஓர் அரசை நிறுவ எண்ணுகிறவள். சூழ்ச்சியில் இளஞ்செழியனுக்கு ஈடுகொடுப்பவள். படைத்தலைவன் டைபீரியஸ் எண்ணுவதற்கு முன்பே எண்ணுகிறவள். இப்படிப்பட்ட ஒருத்தி வாயைத் திறந்து நாட்டின் தலைவிதியைப் பேசத் தொடங்கும் வேளையில், ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு அவள் ஆடையின் மடிப்பைப் பார்க்கப் போய்விடுகிறார். தாம் படைத்த பாத்திரத்துக்குத் தாமே செய்த அவமரியாதை இது. மேலும், ஒரே நாயகனுக்கு இரு காதலியர் என்னும் அமைப்பு நூலுக்கு நூல் திரும்புகிறது. 'கடல் புறா'வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும். 'ஜலதீப'த்தில் இன்னும் பலர். அவன் எவரையும் இழக்க வேண்டியதில்லை. எவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணிச்சலுக்கு விலையுண்டு என்று கடலில் காட்டிய ஆசிரியர், வீட்டில் மட்டும் அந்த விலையைத் தள்ளுபடி செய்துவிட்டார். இதைத் தம் பதினைந்தாம் வயதிலேயே உணர்ந்ததாக நம்மிடம் சொன்னவர் ஒரு பெண்மணி. ஆண்கள் எவரும் அதைச் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) இங்கே ஒப்பிட வேண்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அதை நீதிபோதனை நூலாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அதன் பிற்பகுதி முழுச் சாகசக் கதை. கணவனைத் தேடிப் புறப்பட்ட ஞானாம்பாள் ஆண் வேடம் தரித்து விக்கிரமபுரியில் அரசனாகவே ஆகிவிடுகிறாள், நீதி வழங்குகிறாள், நாட்டைச் சீர்செய்கிறாள். வேதநாயகம் பிள்ளை அவளுடைய அழகை நிறுத்தி வைத்து வருணிப்பதில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது. அதைச் செய்ய விடுகிறார். யவன ராணிக்கு அந்த ஆசிரியர் வாய்த்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஞானாம்பாளுக்குச் சாண்டில்யனின் கடல் வாய்த்திருந்தால் என்றும்தான்!

மேலை நாட்டவரில் சாண்டில்யனுக்கு மிக நெருங்கியவர் ரஃபேல் சபாடினி (1875-1950). இத்தாலியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர். அவருடைய 'கேப்டன் பிளட்' (1922) கதையில், காயம்பட்ட கலகக்காரனுக்கு மருந்திட்ட குற்றத்துக்காக ஒரு மருத்துவன் அடிமையாக விற்கப்படுகிறான். கப்பலொன்றைக் கைப்பற்றிக் கடற்கொள்ளைத் தலைவனாகிறான். அநீதியால் கடலுக்குத் துரத்தப்பட்ட நல்லவன் என்னும் வார்ப்பில் கருணாகரனும் அவனும் உடன்பிறந்தோர். ஆனால் பிளட்டின் மனத்தில் ஒரு முள் இருக்கிறது: தான் கொள்ளைக்காரனாகிவிட்டோமே, தான் மதிக்கும் பெண் தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டாளே என்னும் நோவு. கருணாகரனுக்கு அந்த முள் இல்லை. நாட்டுக்காகச் செய்வது எதுவும் குற்றமாகாது என்று அவனும் நம்புகிறான், அவன் ஆசிரியரும் நம்புகிறார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்காததன்று. போலந்து நாடு நிலப்படத்திலேயே இல்லாத காலத்தில் சியென்கியேவிச் தம் மக்களுக்குப் பழைய வீரத்தைக் கதையாக எழுதிக் கொடுத்தார். 'குவோ வாடிஸ்' ஆசிரியர் என்ற அளவில் அவரை நம்மவர் அறிவர். அடிமைப்பட்ட நாட்டில் பிறந்து வளர்ந்த கல்கியும் சாண்டில்யனும் செய்தது அதுபோன்ற பணியே. நாமும் கலம் செலுத்தினோம், நாமும் ஆண்டோம் என்று கேட்பதற்கு அன்று மக்களுக்குத் தாகம் இருந்தது. ஆனால் கடாரத்திலும் கலிங்கத்திலும் எரிந்த வீடுகளுக்குள் இருந்தவர்கள் யார்? மூன்று பாகங்களில் எங்கும் ஒரு தாய் தன் மகனின் பிணத்தைத் தேடுவதாக நமக்கு நினைவில்லை. நம் ஊரின் மண்ணிலேயே 1767 செப்டம்பரில், ஐதர் அலியும் நிசாமும் ஒருபுறமும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபுறமுமாகப் பெரும் போர் நடந்தது. வயலும் கிணறும் இழந்த குடியானவர் பக்கமிருந்து அப்போரைச் சொல்லும் ஒரு சாகச நாவலை நாம் படிக்க விரும்புகிறோம். கர்நாடகப் போர்க் காலத்தை 'ராஜபேரிகை'யில் தொட்ட சாண்டில்யனுக்கு அதற்கான அறிவு இருந்தது. கவனம்தான் வேறிடத்தில் இருந்தது.

இனி, இளைஞர் கையில் இந்நூல்களைத் தரலாமா என்னும் கேள்வி. இன்றைய பிள்ளைகள் கல்கியை அறிவர். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் மலிவாக வெளியிடுகின்றன. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்த பின் கல்லூரி மாணவரும் புத்தகத்தைத் தேடினர். சாண்டில்யனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவருடைய தடித்த தொகுதிகள் நூலகத்தில் முதுகு கிழிந்து நிற்கின்றன.

தரலாம் என்பதே நம் முடிவு. படங்களை வெட்டாமல், பக்கங்களைக் கிழிக்காமல், முழுதாகத் தரலாம். பதினாறு வயதுப் பிள்ளை எதைத் தாண்டிப் படிக்க வேண்டும் என்பதைத் தானே அறிந்துகொள்ளும். நம்மிடம் பேசிய தாய்மாரில் ஒருவர் அந்த வருணனைகளை 'ரயில் சுரங்கம்' என்றார், கண்ணை மூடித் திறந்தால் மறுபக்கம் வந்துவிடுமாம். ஆனால் தருபவர் தாமும் உடன் படிக்க வேண்டும். யவன ராணி பேச வாய் திறக்கையில் கதை ஏன் நின்றுபோகிறது என்று மகளிடமும் மகனிடமும் கேட்க வேண்டும். பக்கத்தில் ஞானாம்பாளின் கதையும் இருக்கட்டும். கிடைத்தால் 'நாயகி நற்சோணை'யும்.

எதில் தொடங்குவது என்று கேட்போருக்கு: மூன்று பாகக் 'கடல் புறா' மலைக்க வைக்குமாயின் 'கன்னி மாடம்' போதும். பாண்டிய நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றிய அக்கதை ஒரே தொகுதியில் முடிகிறது. கடல்தான் வேண்டும் என்போர், மராட்டியக் கடற்தலைவன் கனோஜி ஆங்கரே வரும் 'ஜலதீப'த்தை எடுக்கலாம். அதைப் படிக்கும்போது கொங்கணக் கடற்கரையின் நிலப்படம் ஒன்றை அருகில் விரித்து வைத்துக்கொள்வது நல்லது. கோட்டைகளின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும்.